டூல்: நீரிடமிருந்து மீட்ட ஓர் ஊர்



இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் மிகச் சிறியது. உலகப் படத்தில் அதன் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. பெல்ஜிய நாட்டில் ஷெல்டு ஆற்றின் இடக்கரையில் அமைந்துள்ள அவ்வூரின் பெயர் டூல். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 1,300 பேர் வாழ்ந்தனர். ஐம்பது ஆண்டுகளுக்குள் அத்தொகை இருபதைச் சற்றே கடந்த அளவாகச் சுருங்கிற்று. இடையில் வெள்ளம் வந்து ஊரை அழிக்கவில்லை, பஞ்சமோ கொள்ளைநோயோ தாக்கவில்லை, போரும் நிகழவில்லை. நானூறு ஆண்டுக் காலம் கடல்நீருடன் போராடி நிலைபெற்ற ஓர் உழவர் ஊர், அமைதி நிலவிய காலத்தில், வளமிக்க நாடொன்றில், எவ்வாறு வெறிச்சோடியது, பின்னர் எவ்வாறு முற்றும் அழியாமல் தப்பியது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

முதற்கண் அந்நாட்டைப் பற்றிச் சில சொற்கள். பெல்ஜியத்தின் பரப்பு சற்றேறக்குறைய 30,500 சதுர கிலோமீட்டர். நமது கேரள மாநிலத்தைவிட அது சிறியது. 1830ஆம் ஆண்டில் தனி நாடாயிற்று. வடபகுதியாகிய ஃபிளாண்டர்ஸில் வழங்குவது டச்சு மொழி. தென்பகுதியாகிய வலோனியாவில் வழங்குவது பிரெஞ்சு. கிழக்கெல்லையில் ஒரு சிறு பகுதியினர் ஜெர்மன் மொழி பேசுவர். 1993 முதல் அது கூட்டாட்சி நாடாக விளங்குகிறது. நிலப் பயன்பாடு, துறைமுகங்கள் போன்றவை வட்டார அரசுகளின் பொறுப்பில் உள்ளன. ஆதலின் டூலின் தலைவிதியைப் பற்றிய ஆணைகள் பெரும்பாலும் ஃபிளாண்டர்ஸ் அரசிடமிருந்தே பிறந்தன என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஷெல்டு ஆறு பிரான்சில் தோன்றி, பெல்ஜியத்தின் ஊடே பாய்ந்து, நெதர்லாந்து நாட்டில் கடலோடு கலக்கிறது. அவ்வாற்றின் கரையில், கடலினின்று வெகுதூரம் உள்ளே, ஆண்ட்வெர்ப் என்னும் மாநகரம் இருக்கிறது. ஐரோப்பாவின் துறைமுகங்களுள் ராட்டர்டாமுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுவது அதன் துறைமுகம். அந்நகரத்திலிருந்து வடமேற்கே, நேர்க்கோட்டில் அளந்தால் 14 அல்லது 15 கிலோமீட்டர் தொலைவில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி டூல் இருக்கிறது. அங்கே ஆறு அகன்று, உப்பும் நன்னீரும் கலந்து, நாள்தோறும் இருமுறை ஓதத்தால் ஏறி இறங்குகிறது. ஆண்ட்வெர்ப் அருகே நீரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 5 மீட்டர். ஓதம் ஏறிய வேளையில் ஆற்றுநீரின் மட்டம் ஊரின் தரைமட்டத்தைக் காட்டிலும் உயர்ந்து நிற்கும். ஊர்த் தெருவில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால், கரைக்கு அப்பால் பெருங்கப்பல் ஒன்று தம் தலைக்கு மேலே மிதந்து செல்வதுபோலத் தோன்றும்.

இத்தகைய நிலத்தை அந்நாட்டார் போல்டர் என்பர். இச்சொல்லுக்கு ஈடாகத் தமிழில் ஒற்றைச் சொல் தேடிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கும் பொருத்தமானதொன்று அகப்படவில்லை. கரை கட்டி நீரிடமிருந்து மீட்ட வயல் என்று விரித்துரைத்தல் ஒன்றே வழி. கேரளத்தில் வாழும் நேயர்கள் குட்டநாட்டில் காயல்நீரை வரம்பிட்டுத் தடுத்து, கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிப்பதைக் கண்டிருக்கக்கூடும். அதனை நினைத்துக்கொண்டால் போல்டரின் இயல்பு விளங்கும்.

போல்டர் உருவாகும் முறை பொறுமையைக் கற்பிப்பது. ஒவ்வோர் ஓதத்தின்போதும் ஆறு மெல்லிய வண்டலைக் கரையோரத்தில் விட்டுச் செல்லும். ஆண்டுக்கணக்கில் அது படிந்து படிந்து சேற்றுத்திட்டாகும். திட்டு உயர்ந்தபின் உப்பைத் தாங்கும் பூண்டுகள் முளைக்கும். அவற்றின் வேர்கள் மேலும் வண்டலைப் பிடித்து நிறுத்தும். பெரிய ஓதங்களில் மட்டுமே நீர் ஏறும் அளவுக்கு நிலம் உயர்ந்ததும் ஆடுகள் மேயத் தொடங்கும். அதன்பின் மக்கள் சுற்றிலும் மண்கரை எழுப்புவர். உள்ளே வாய்க்கால்கள் வெட்டுவர். கரையில் மதகு அமைப்பர். ஆற்றில் நீர் வடியும்போது உள்நீரின் விசையால் மதகின் கதவு திறந்துகொள்ளும். ஓதம் ஏறும்போது வெளிநீரின் அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். மழைநீர் சில ஆண்டுகளில் உப்பைக் கழுவிவிடும். அதன்பின் கிடைப்பது கனத்த களிமண். பெல்ஜியத்தின் மிக வளமான மண்வகைகளுள் ஒன்று அது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. நீர் வடிந்த நிலம் காய்ந்து இறுகுவதால் ஆண்டுதோறும் சிறிது தாழும். கரைக்கு வெளியே உள்ள சேற்றுத்திட்டோ வண்டல் படிந்து உயர்ந்துகொண்டே போகும். ஆகவே முன்னோர் மீட்ட வயல் தாழ்ந்தும், பின்னோர் மீட்ட வயல் உயர்ந்தும் கிடக்கும். கரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழும். ஆற்றை நேரே எதிர்கொள்ளும் கரையை விழித்திருப்பவன் என்றும், அதன் பின்னுள்ள பழைய கரையை உறங்குபவன் என்றும், அதற்கும் பின்னுள்ளதைக் கனவு காண்பவன் என்றும் டச்சு மொழியினர் அழைப்பர். விழித்திருப்பவன் உடைந்தால் உறங்குபவன் எழுந்து காக்க வேண்டும் என்பது அப்பெயர்களின் கருத்து.

இக்கரைகளைக் காப்பது எவர் ஒருவராலும் இயலாது. ஓரிடத்தில் எலி வளை தோண்டினாலும் எல்லோருடைய வயலும் மூழ்கும். ஆகவே போல்டர் ஒவ்வொன்றிலும் நிலமுடையோர் கூடி ஒரு சபை அமைத்து, நிலத்தின் அளவுக்கேற்ப வரி செலுத்தி, கரையையும் மதகையும் வாய்க்காலையும் பேணி வந்தனர். நம் நாட்டில் குடிமராமத்து என்று வழங்கிய முறையோடு இதனை ஒப்பிடலாம். சபையின் தலைவருக்குக் கரைத்தலைவர் என்று பொருள்படும் பட்டம் உண்டு. இச்சபைகள் பழங்கதையாக மறைந்துவிடவில்லை. 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று பெல்ஜியத்தின் போல்டர் சபைகளுக்கு முறையான அமைப்பை அளித்தது. வெள்ளத்தடுப்புப் பணியில் அவை இன்றும் பங்கு கொள்கின்றன.

இனி வரலாற்றைக் காண்போம். டூல் என்னும் பெயர் 1267ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் முதன்முதலாகக் காணப்படுகிறது. அக்காலத்தில் அது நீராற் சூழப்பட்ட தீவு போன்ற நிலம். சுற்றுப்புறத்தில் மக்கள் நிலத்தடியிலிருந்த கரிமண்ணை வெட்டி எரிபொருளாக விற்றனர். அதனால் தரை மேலும் தாழ்ந்தது. 1570ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் எழுந்த பெரும் கடல்வெள்ளம் இவ்வட்டாரத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. அதனின்றும் மீளுமுன்னர்ப் போர் வந்தது.

ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை எதிர்த்து நெதர்லாந்துப் பகுதிகள் கிளர்ந்தெழுந்த காலம் அது. 1584ஆம் ஆண்டில் ஸ்பெயின் படை ஆண்ட்வெர்ப் நகரை முற்றுகையிட்டபோது, கிளர்ச்சியாளர் தம் தற்காப்புக்காகத் தாமே கரைகளை வெட்டி ஆற்றை உள்ளே விட்டனர். டூலின் அண்டையிலிருந்த சாஃப்டிங்கே என்னும் ஊர் அவ்வெள்ளத்தில் மூழ்கி மறைந்தது. அஃது இன்றுவரை மீட்கப்படவில்லை. ஏறத்தாழ 3,500 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்புநிலமாக எல்லைக்கு அப்பால் கிடக்கிறது. 1585இல் ஆண்ட்வெர்ப் வீழ்ந்தது. கடல்வாயிலைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர் ஆற்றுவழியை அடைத்தனர். 1648ஆம் ஆண்டின் உடன்படிக்கை அவ்வடைப்பை உறுதி செய்தது. ஐரோப்பாவின் பெருஞ்சந்தையாக இருந்த ஆண்ட்வெர்ப் இரண்டு நூற்றாண்டுக் காலம் கடல்வழி மூடப்பட்ட நகரமாகத் தேய்ந்தது.

டூலின் இன்றைய வடிவம் அக்காலத்தில் தோன்றியதே. 1609 முதல் 1621 வரை இரு தரத்தாரும் போரை நிறுத்தியிருந்த பன்னிரண்டு ஆண்டுகளில் செல்வர்கள் பணம் திரட்டி மூழ்கிய நிலத்தை மீட்கத் தொடங்கினர். 1614இல் டூல் போல்டருக்குக் கரை எழுந்தது. நிலம் முழுவதும் புதிதாகையால், அளப்போர் தெருக்களையும் வயல்களையும் சதுரங்கப் பலகைபோல நேர்க்கோடுகளால் வகுத்தனர். வளைந்த தெருக்களே மிகுந்த பெல்ஜியத்து ஊர்களிடையே இவ்வமைப்பு அரியது. அன்று வகுத்த கட்டங்கள் இன்றும் மாறாமல் இருக்கின்றன. ஆற்றங்கரையின் மீதே கட்டப்பட்ட கல்லாலான காற்றாலை ஒன்று நிற்கிறது. ஊரார் தானியத்தை அரைத்துத் தந்தது அது. உயர்ந்த கூரையுடைய பழைய மாளிகை ஒன்றும் உண்டு. ஓவியர் ரூபென்ஸின் குடும்பத்தாரோடு அதனைத் தொடர்புபடுத்திக் கூறுவர். ஊர்த் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் டூல் பெரும்பாலும் நீர்சூழ்ந்த தீவாகவே இருந்தது. அதன்பின்னரும் நிம்மதி வாய்க்கவில்லை. 1830இல் பெல்ஜியம் பிரிந்தபோது, ஆற்றங்கரைக் கோட்டைகளை டச்சுப் படையினர் விட்டுக்கொடுக்க மறுத்தனர். 1832 டிசம்பரில் டூல் கரையிலேயே டச்சுப் படைக்கும் பெல்ஜியருக்கு உதவ வந்த பிரெஞ்சுப் படைக்கும் மோதல் நிகழ்ந்தது. 1839இல் லண்டன் உடன்படிக்கை ஏற்பட்டபின்னரே கோட்டைகள் கைமாறின. அதன்பின் மீட்புப் பணி மும்முரமாயிற்று. 1846இல் ஆரன்பெர்க் கோமகன் பிராஸ்பர் லூயியின் முயற்சியால் டூலுக்கு வடக்கே பிராஸ்பர் போல்டர் உருவாயிற்று. அக்குடும்பத்தினர் 1907இல் எல்லைக்கு அப்பால் மீட்ட நிலத்துக்கு ஹெட்விகே என்னும் கோமகளின் பெயரை இட்டனர்.

இவ்வூர் மக்களின் பிழைப்பு எவ்வாறு நடந்தது? கோதுமை, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, ஆளி ஆகியவை முக்கிய விளைபொருள்கள். ஆளிச்செடியின் தண்டிலிருந்து நாரெடுத்து லினன் துணி நெய்வது ஃபிளாண்டர்ஸின் பழந்தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரை எடுக்கப் பயன்படும் பீட் கிழங்கும் ஐரோப்பிய வயல்களில் பரவிற்று. களிமண்ணை உழுவதற்குப் பெல்ஜியத்தின் பெயர்பெற்ற கனத்த குதிரைகள் வேண்டியிருந்தன. போல்டரின் பண்ணைகள் பெரியவை. உள்நாட்டு மணற்பாங்கான பகுதியின் சிறு காணிகளைப் போன்றவையல்ல. ஆதலின் நிலமுடைய பெருங்குடியானவர் சிலரும், அவர்களிடம் கூலிக்கு உழைத்தோர் பலருமாக ஊர் அமைந்திருந்தது. கரையை ஒட்டிய சிறு துறையில் மீனவர் இறால் பிடித்து வந்தனர். இருபதாம் நூற்றாண்டில் ஆற்றுநீர் ஆலைக்கழிவால் மாசுபட்டபின் அத்தொழில் நலிந்தது.

இதுகாறும் கூறியது நீருக்கும் ஊருக்கும் இடையே நிகழ்ந்த கதை. இனிக் கூறுவது துறைமுகத்துக்கும் ஊருக்கும் இடையே நிகழ்ந்தது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஷெல்டு ஆறு மீண்டும் திறக்கப்பட்டது. 1863இல் டச்சுக்காரர் வசூலித்து வந்த ஆற்றுச்சுங்கமும் ஒழிந்தது. ஆண்ட்வெர்ப் துறைமுகம் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வளர்ச்சி வேகம் கொண்டது. 1956இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டம் வலக்கரையில் கப்பல் நிற்கும் பெருங்குளங்களை வெட்டிற்று. அக்குளங்களுக்காக அங்கிருந்த போல்டர் ஊர்கள் மறைந்தன. ஊர்டெரென் என்னும் ஊர் சுவடின்றிப் போயிற்று. வில்மார்ஸ்டோங்க் என்னும் ஊரில் எஞ்சியது தேவாலயத்தின் கோபுரம் மட்டுமே. சரக்குப் பெட்டகங்களின் நடுவே அது தனித்து நிற்கிறது. டூலுக்கு நேர் எதிர்க்கரையிலுள்ள லில்லோவில் பழங்கோட்டையும் அதனுள்ளிருந்த சில வீடுகளும் பிழைத்தன. வெளியே இருந்த ஊர் போயிற்று. எதிர்க்கரையில் நிகழ்ந்தது நாளை நமக்கும் நிகழும் என்று டூல் மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

1960ஆம் ஆண்டுகளில் துறைமுகத் திட்டங்கள் இடக்கரைக்குத் தாவின. டூலில் புதிய வீடு கட்டத் தடை வந்தது. அதே காலத்தில், ஊருக்கு வடக்கே சற்றேறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் அணுமின் நிலையம் எழத் தொடங்கிற்று. அதன் முதல் இரண்டு உலைகள் 1975லும், மூன்றாவது 1982லும், நான்காவது 1985லும் பணியில் இறங்கின. ஏறத்தாழ 170 மீட்டர் உயரமுள்ள இரண்டு குளிர்விப்புக் கோபுரங்கள் ஊரின் வானத்தையே மறைத்தன. அண்டையில் அணுஉலை இருப்பதால் மக்கள் ஓடிவிட்டனர் என்று பலர் எண்ணுவர், அது சரியன்று. ஊரார் அதனோடு வாழப் பழகினர். சிலருக்கு அங்கே வேலையும் கிடைத்தது. வாழ விடாமற் செய்தது வேறொன்று.

அது யாதெனில், நிச்சயமின்மை. ஓர் அரசு ஊர் போகும் என்றது. அடுத்த அரசு இருக்கும் என்றது. 1970களின் இறுதியில் துறைமுகம் இதற்கு வடக்கே வரலாகாது என்று படத்தில் ஒரு கோடு வரையப்பட்டது. ஊரார் மூச்சு விட்டனர். 1990களில் அக்கோடு மங்கிற்று. 1998இல் ஃபிளாண்டர்ஸ் அரசு, ஊருக்குத் தெற்கே பெரியதொரு கப்பற்குளம் வெட்டுவதென்றும், அது வந்தபின் டூல் வாழத் தகுந்த ஊராக இராது என்றும் முடிவு செய்தது. குடியிருப்பு நிலம் துறைமுக நிலமாக வகைமாற்றப்பட்டது. ஊரார் வழக்குத் தொடுத்தனர். நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் நியாயம் கண்டு வேலையை நிறுத்தியது. உடனே 2001 டிசம்பரில் சட்டமன்றம் தனிச்சட்டம் ஒன்று இயற்றித் தடையைக் கடந்தது. 2005 ஜூலையில் டியூர்காங்க் குளம் திறக்கப்பட்டது.

துறைமுகத்தின் தரப்பையும் நடுநிலையோடு கூறுதல் கடமை. உலக வாணிகம் சரக்குப் பெட்டகங்களுக்கு மாறியபின் கப்பல்கள் மிகப் பெரியனவாயின. 20 அடி நீளமுள்ள பெட்டகங்களைக் கணக்கிட்டால் 20,000க்கு மேல் ஏற்றும் கப்பல்கள் இன்று உண்டு. அவற்றை ஏற்கும் ஆழமும் நீளமும் இல்லாத துறைமுகத்தை வணிகர் விட்டுச் செல்வர். ஆண்ட்வெர்ப்பின் பல்லாயிரம் குடும்பங்கள் துறைமுகத்தை நம்பி வாழ்கின்றன. ஒரு சிற்றூருக்காக அதனைத் தேய விடலாமா என்று கேட்டவர்கள் தீயவர்கள் அல்லர். வலுவான இரு தேவைகள் ஒரே நிலத்தின்மேல் மோதின என்பதே உண்மை.

எனினும் ஊர் காலியான விதம் கவனிக்கத்தக்கது. எவரையும் ஓரிரவில் வெளியேற்றவில்லை. விற்க விரும்புவோரின் வீட்டை வாங்கிக்கொள்வோம் என்று அரசு கூறிற்று. நாளை இருக்குமோ இராதோ என்ற ஊரில் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க எவர் முன்வருவர்? இளையோர் முதலில் சென்றனர். பிள்ளைகள் குறைந்தபின் பள்ளி மூடப்பட்டது. பள்ளி போனபின் கடைகள் மூடப்பட்டன. கடை போனபின் முதியோருக்கும் இருப்பது அரிதாயிற்று. காலியான வீடுகளில் அத்துமீறிக் குடியேறியோர் சிலர். கதவையும் குழாயையும் பெயர்த்துச் சென்றோர் சிலர். 2008இல் பல வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சிய சுவர்களில் பல நாடுகளிலிருந்தும் வந்த ஓவியர்கள் பெரும் வண்ணப்படங்களை வரைந்தனர். அவற்றைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வந்தனர். பேயூர் என்று பெயர் சூட்டினர். அங்கே இருபது பேர் அன்றாடம் சமைத்து உண்டு வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதைப் படம் பிடிக்க வந்தவர்கள் பலர் அறியவில்லை.

அந்த இருபது பேரும், அவர்களுக்குத் துணைநின்ற முன்னாள் ஊராரும் அன்பர்களும் விடவில்லை. குழு அமைத்தனர், மனு மேல் மனு எழுதினர், நீதிமன்றப் படிகளை மீண்டும் மீண்டும் ஏறினர். டியூர்காங்க் குளத்துக்கு அப்பால் ஊரின் மீதே மற்றொரு பெருங்குளம் வெட்டும் திட்டம் வந்தது, அதனையும் எதிர்த்தனர். இறுதியில், துறைமுகத்துக்கு வேண்டிய கூடுதல் இடத்தை டூலை அழிக்காமலே காணலாம் என்று வேறு வகைத் திட்டங்கள் ஆராயப்பட்டன. 2022 மார்ச்சில் அரசும் துறைமுகமும் ஊரார் தரப்பும் பிறரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். டூல் இருக்கும் என்பது அதன் சாரம். எஞ்சிய வீடுகளைச் செப்பனிட்டு மீண்டும் மக்களைக் குடியமர்த்தும் முயற்சி அதன்பின் தொடங்கிற்று.

வயல்களின் கதை இவ்வளவு நல்லவிதமாக முடியவில்லை. ஐரோப்பியச் சட்டப்படி, துறைமுகத்துக்காகப் பறவைகளும் நீர்வாழ் உயிர்களும் வாழும் சதுப்புநிலம் அழிந்தால், அதற்கு ஈடாக வேறிடத்தில் சதுப்புநிலம் உண்டாக்க வேண்டும். அன்றியும் கப்பல்களுக்காக ஷெல்டு ஆற்றை ஆழப்படுத்துவது குறித்து 2005இல் ஃபிளாண்டர்ஸும் நெதர்லாந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆற்றுக்கு இயற்கை நிலத்தைத் திருப்பித் தருமாறு விதித்தது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஹெட்விகே போல்டரும் பிராஸ்பர் போல்டரின் வடபகுதியும். முன்னதில் 295 ஹெக்டேர், பின்னதில் 170 ஹெக்டேர். ஆக 465 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,150 ஏக்கர். உழவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தும் பயனில்லை. 2022 அக்டோபரில் கரை வெட்டப்பட்டது. 115 ஆண்டுகளுக்கு முன் நீரிடமிருந்து மீட்ட நிலத்தில் மீண்டும் ஓதம் ஏறிற்று.

அதனால் பயனே இல்லை என்றும் கூற முடியாது. நீருக்குப் பரவ இடம் கொடுத்தால் ஆற்றின் மேற்பகுதியில் வெள்ள அபாயம் குறையும். 1976 ஜனவரியில் ஏற்பட்ட வெள்ளத்துக்குப் பின் 1977இல் பெல்ஜியம் சிக்மா திட்டம் என்னும் வெள்ளத்தடுப்புத் திட்டத்தை வகுத்தது. முதலில் கரைகளை உயர்த்துவதே அதன் நோக்கமாயிருந்தது. பின்னர், ஆற்றுக்கு இடம் விடுதலும் காப்பு முறையே என்னும் கருத்து அதனுள் புகுந்தது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் அக்கருத்தைத் தள்ளிவிட இயலாது. ஆனால் தன் பாட்டன் உப்பு நீக்கிய வயலில் உப்புநீர் புகுவதைக் கரைமீது நின்று பார்க்கும் உழவனிடம் அதை எடுத்துரைப்பது எளிய செயலன்று.

அணுமின் நிலையத்தின் நிலையும் மாறிவிட்டது. மூன்றாம் உலை 2022 செப்டம்பரிலும், முதல் உலை 2025 பிப்ரவரியிலும், இரண்டாம் உலை 2025 நவம்பரிலும் நிறுத்தப்பட்டன. நான்காம் உலைக்கு 2035 வரை காலநீட்டிப்பு அளிக்கப்பட்டது. நிர்வாக முறையிலும் டூல் தனி நகராட்சியாக இருந்த காலம் 1970களின் நடுவிலேயே முடிந்தது. பெவெரன் என்னும் நகராட்சியோடு அது சேர்க்கப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெவெரனும் அண்டை நகராட்சிகள் இரண்டும் இணைந்தன. ஊரை அச்சுறுத்திய ஆணைகளும் ஊரைக் காப்பாற்றிய உடன்பாடும் ஊருக்கு வெளியே, ஊரார் சிறுபான்மையினராக அமர்ந்த மேசைகளின்மேல் கையெழுத்தாயின என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

அரசாணைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பவன் நான். 'பரிசீலனையில் உள்ளது' என்னும் தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதுவோனுக்கு அது ஒரு வரி. அவ்வரியின் கீழ் வாழ்வோருக்கு அது கலியாணத்தை ஒத்திப்போடும் காரணம். கிணறு வெட்டாமல் விடும் காரணம். பிள்ளையை வேற்றூர்ப் பள்ளியில் சேர்க்கும் காரணம். டூலில் அந்நிலை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நீடித்தது. வேண்டாம் என்று ஒரே நாளில் கூறியிருந்தால், ஊரார் அழுதுவிட்டுச் சேர்ந்தே வேறிடம் பெயர்ந்திருக்கவும் கூடும். வேண்டும் என்று உறுதியாகக் கூறியிருந்தால் 1,300 பேரும் அவர்தம் மக்களும் அங்கேயே இருந்திருப்பர். இரண்டும் கூறாமையால் ஊர் ஒவ்வொரு வீடாகக் கரைந்தது.

வேலை தேடியும் கல்வி நாடியும் வேற்று மாநிலங்களில் வந்து வாழும் நமக்கு, விட்டுவந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்னும் ஆறுதல் உண்டு. விடுமுறையில் சென்றால் அதே தெரு, அதே குளக்கரை. டூலை விட்டுச் சென்றவர்களுக்கு அவ்வாறுதல் பல ஆண்டுகள் இல்லாதிருந்தது; அவர்களுடைய ஊர் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தும், வீடு இருக்குமோ என்பது ஐயமாயிருந்தது.

இப்போது அங்கே தொடங்கியுள்ள பணி, 1614இல் தொடங்கியதைவிட எளிதா என்பது எண்ணத்தக்க கேள்வி. அன்று கரை எழுப்பினால் போதும். மண் இருந்தது, உழ ஆட்கள் வந்தனர். இன்று கரை உறுதியாக நிற்கிறது. சதுரங்கத் தெருக்களும் அப்படியே உள்ளன. காற்றாலையும் தேவாலயமும் இருக்கின்றன. திரும்ப வர வேண்டியவர்கள் மக்களே. கூரையை மாற்றிவிடலாம், கடையைத் திறந்துவிடலாம். இனி இந்த ஊர் இருக்கும் என்று ஒருவர் நம்பித் தம் பிள்ளையின் பெயரில் அங்கே ஒரு வீட்டை வாங்குவதற்கு எத்தனை ஆண்டு ஆகுமோ, அதுவே டூலின் உண்மையான மீட்புக்காலம்.